உஷார்! மழைக்கு முன் மெயின் போர்டைத் திறந்து பாருங்கள்

புரட்டாசி பாதி தாண்டிவிட்டது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தமிழ்நாட்டில் இறங்கும். ஐந்தாறு நாள் முன்னே பின்னே ஆகலாம், வராமல் இருக்காது. ஆண்டு முழுக்க நமக்குக் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய பாதி, சராசரியாக 44 சென்டிமீட்டர், அடுத்த மூன்று மாதங்களில்தான் கொட்டப்போகிறது. சென்னையிலும் கடலோர மாவட்டங்களிலும் இதைவிடவும் கூடுதல். இருப்பது இரண்டு வாரம். கொத்தனாரும் வயர்மேனும் பிளம்பரும் போன் எடுப்பது இப்போதுதான். முதல் மழை விழுந்த மறுநாள் அவர்கள் யாரும் உங்களுக்குக் கிடைக்க மாட்டார்கள்.

மழை என்றதும் நம் பயமெல்லாம் தெருவைப் பற்றியே இருக்கிறது. ஏரி உடையுமா, ஆற்றில் எவ்வளவு திறந்துவிடுவார்கள், நம் தெருவில் படகு வருமா என்று டிவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வெள்ளமே வராத தெருவிலும், இரண்டாவது மாடியிலும், ஒரு சாதாரண தூறல் நாளிலும் உயிர் போகிறது. ஈரச் சுவரில் கை வைத்தவர், கொடிக் கம்பியில் துணி காயப்போட்டவர், மோட்டார் போடப் போனவர், சுவர் ஓரம் படுத்திருந்தவர். வீட்டுக்குள்ளேயே காத்திருக்கும் இந்த ஆபத்துகளைப் பற்றித்தான் கத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலில் மின்சாரம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

உங்கள் வீட்டில் யாராவது இப்படிச் சொல்லியிருக்கிறார்களா என்று யோசித்துப் பாருங்கள்: "வாஷிங் மெஷினைத் தொட்டா லேசா ஜிவ்வுன்னு இருக்கு. செருப்பு போட்டுக்கிட்டுத் தொடு." பாதி வீடுகளில் இது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. மெஷினுக்கு முன்னால் ஒரு ரப்பர் மிதியடி கிடக்கும். பிரிட்ஜ் கைப்பிடியில் ஒரு துணி சுற்றியிருக்கும். சம்ப் மோட்டார் ஓடும்போது குழாயைத் தொடாதே என்று குழந்தைகளுக்குச் சொல்லி வைத்திருப்பார்கள். இவ்வளவும் ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்கின்றன: அந்த வீட்டில் மின்சாரம் கசிகிறது, அது பூமிக்குப் போக வழி தேடிக்கொண்டிருக்கிறது. வெயில் காலத்தில் காய்ந்த கையும் காய்ந்த தரையும் உங்களைக் காப்பாற்றுகின்றன. மழைக்காலத்தில் அந்தக் காவல் இல்லை.

கணக்கைப் பாருங்கள். காய்ந்த தோல் மின்சாரத்தை நன்றாகவே தடுக்கும். உடல் நனைந்துவிட்டால் அந்தத் தடை சுமார் 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். வகுத்துப் பார்த்தால் 230 மில்லி ஆம்பியர். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் உடலுக்குள் சில நொடி ஓடினாலே மூச்சும் இதயமும் ஆபத்தில். 100-ஐத் தாண்டினால் இதயம் சீராகத் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்க ஆரம்பிக்கும். செருப்பு போட்டுக்கொண்டு தொட்டபோது ஜிவ்வென்று இருந்த அதே மெஷின், ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவரை விடாது.

"எங்க வீட்ல டிரிப்பர் இருக்கு சார், பயமில்ல" என்பார்கள். எந்த டிரிப்பர் என்று கேளுங்கள். இங்கேதான் பெரிய ஏமாற்றம். வரிசையாக இருக்கும் சின்னச் சின்ன எம்.சி.பி.க்கள் வயரைக் காப்பாற்றத்தான் வைக்கப்பட்டவை. 16 ஆம்பியர் எம்.சி.பி., 16 ஆம்பியருக்கு மேல் இழுத்தால்தான் விழும். ஆளைக் கொல்லும் மின்சாரமோ அதில் எழுபதில் ஒரு பங்கு. ஒருவர் துடித்துக்கொண்டிருக்கும்போதும் எம்.சி.பி. அசையாமல் நிற்கும். மனிதரைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி., நம் கடைகளில் இன்னமும் இ.எல்.சி.பி. என்றே கேட்டு வாங்குவது. ஃபேஸில் போன மின்சாரம் அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும், 'யார் உடம்பு வழியாகவோ வெளியே போகிறது' என்பதுபோல் கண் இமைக்கும் நேரத்தில் மொத்த இணைப்பையும் துண்டித்துவிடும்.

எம்.சி.பி.யைவிட அகலமாக, பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தானோடு அது இருக்கும். பொத்தானில் ஆங்கில T எழுத்து. மேலே 30 மில்லி ஆம்பியர் என்றோ 0.03 என்றோ அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். 100 அல்லது 300 என்று போட்டிருந்தால் அது தீ விபத்தைத் தடுக்க வைப்பது. ஆளுக்கு அது போதாது. கரண்ட் இருக்கும்போது அந்தப் பொத்தானை அழுத்துங்கள். வீடு முழுக்க 'டக்' என்று இருட்ட வேண்டும். இருட்டவில்லை என்றால் அந்தப் பெட்டியில் மாட்டியிருப்பது வெறும் பிளாஸ்டிக். மாற்றுங்கள். பல வருஷம் அசையாமல் கிடந்த ஆர்.சி.சி.பி. உள்ளுக்குள்ளேயே இறுகிப்போயிருக்கும். அதனால்தான் மாதம் ஒருமுறையாவது அழுத்திப் பார்க்கச் சொல்கிறார்கள்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. மழை தொடங்கியதும் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழும். சீரியல் நேரத்தில் விழும், ராத்திரி இரண்டு மணிக்கு விழும். வீட்டுக்காரர் எரிச்சலாகி வயர்மேனைக் கூப்பிடுவார். அவர் வந்து பார்த்துவிட்டு, "டிரிப்பர்தான் வீக்கு சார், டைரக்ட் பண்ணிடறேன்" என்று இரண்டு வயரை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போவார். அதன்பிறகு கரண்ட் போவதே இல்லை. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. நான் பார்த்த ஒரு போர்டில் ஆர்.சி.சி.பி. கம்பீரமாக நிமிர்ந்து நின்றது. மூடியைக் கழற்றினால் மேலேயும் கீழேயும் வயரே இல்லை. ஃபேஸும் நியூட்ரலும் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு நேரே போயிருந்தன. இணைத்த இடத்தில் கறுப்பு டேப். அந்த வீட்டில் ஒரு பாட்டியும் இரண்டு பேரக் குழந்தைகளும் இருந்தார்கள். உங்கள் வீட்டில் யாராவது, எப்போதாவது 'டைரக்ட்' பண்ணியிருக்கிறார்களா? இன்றே கேளுங்கள்.

டிரிப்பர் விழுவது அதன் குற்றமில்லை. எங்கோ கசிகிறது என்று அது சொல்கிறது. எங்கே என்று ஓரளவுக்கு நீங்களே கண்டுபிடிக்கலாம். எல்லா எம்.சி.பி.க்களையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யை மட்டும் ஏற்றுங்கள். நின்றால், ஒவ்வொரு எம்.சி.பி.யாக ஏற்றிக்கொண்டே வாருங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ, கோளாறு அந்த லைனில். அந்த லைனில் உள்ள பிளக்குகளைப் பிடுங்கிவிட்டு மறுபடி பாருங்கள். பெரும்பாலும் கீசர், மோட்டார், வெளிக்கதவு விளக்கு, மாடிப்படி ஸ்விட்ச், இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் இறக்கிய பிறகும் ஆர்.சி.சி.பி. நிற்கவில்லை என்றால் வயரிங்கிலோ நியூட்ரலிலோ பிரச்சினை. அது உரிமம் பெற்ற வயர்மேனின் வேலை, அதில் நீங்கள் கை வைக்காதீர்கள். அவர் வரும்போது எர்த்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். எர்த் குழி எங்கே இருக்கிறது என்றே தெரியாத வீடுகள் ஏராளம். வாசலில் டைல்ஸ் போட்டபோது அதை மூடியிருப்பார்கள், கம்பி துருப்பிடித்து அறுந்தே போயிருக்கும். எர்த் அறுந்த வீட்டில் பழுதான கீசர் தண்ணீரோடு சேர்த்து மின்சாரத்தையும் தரும்.

வெளிப்பக்கம் ஒரு சுற்று வாருங்கள். கேட் தூணில் உள்ள விளக்கு, காலிங் பெல் பொத்தான், திறந்தவெளியில் இருக்கும் மோட்டார் ஸ்விட்ச், மாடியில் தொங்கும் பல்ப் ஹோல்டர் எல்லாம் மழைச் சாரல் படும் இடங்கள். இவற்றுக்குத் தண்ணீர் புகாத மூடி போடுங்கள். முடியாவிட்டால் மழை மாதங்களுக்கு அந்த இணைப்பையே துண்டித்து வையுங்கள். மாடியில் துணி காயப்போடும் இரும்புக் கம்பி எதில் கட்டியிருக்கிறது? மின்கம்பத்திலோ, சர்வீஸ் வயரைத் தாங்கும் இரும்புக் குழாயிலோ, வயர் உரசும் தகரக் கூரையிலோ கட்டியிருந்தால் இப்போதே அவிழ்த்துவிடுங்கள். நைலான் கயிறு சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் மாட்டும் சீரியல் செட்டைப் பால்கனிக் கம்பியில் சுற்றாதீர்கள்.

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மெயினை இறக்கினால் வீட்டில் கரண்ட் இல்லை என்று நினைத்துக்கொண்டு ஈரச் சுவரைத் தொடுவோம். இன்வெர்ட்டரில் இருந்து போகும் லைன்களில் அதே 230 வோல்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். மெயினோடு சேர்த்து இன்வெர்ட்டரையும் அணைத்தால்தான் வீடு பாதுகாப்பு. மாடியில் சோலார் பேனல் இருந்தால், வெளிச்சம் உள்ளவரை பேனலில் இருந்து கீழே வரும் வயரில் மின்சாரம் இருக்கும், எந்த ஸ்விட்சை அணைத்தாலும் சரி. தரைத் தளத்து வீடுகளில் இன்வெர்ட்டரும் பேட்டரியும் மூலையில் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கின்றன. மூன்றடி உயரத்துக்கு ஒரு ஸ்டாண்டு அடித்து ஏற்றிவிடுங்கள். 2015 வெள்ளத்தில் உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்திருந்தால், சுவரில் அது நின்ற கோடு எந்த உயரத்தில் இருந்தது என்று உங்களுக்கே நினைவிருக்கும். அதற்குக் கீழே ஒரு பிளக் பாயிண்ட்கூட இருக்கக் கூடாது.

தண்ணீர் வீட்டுக்குள் வர ஆரம்பித்துவிட்டால், கால் நனைவதற்கு முன்பே மெயினை இறக்கிவிடுங்கள். மெயின் போர்டுக்குப் போகத் தண்ணீரில் நடந்தாக வேண்டிய நிலை வந்துவிட்டால் போகவே போகாதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லி வெளியிலேயே துண்டிக்கச் சொல்லுங்கள். தெருவில் தேங்கிய தண்ணீரும் இதே ஆபத்துதான். 2017 நவம்பர் 1 அன்று சென்னை கொடுங்கையூரில், தண்ணீருக்குள் கிடந்த மின்வயரை மிதித்து இரண்டு சிறுமிகள் இறந்துபோனார்கள். பெரிய வெள்ளம் எதுவும் இல்லை அப்போது, பருவமழை தொடங்கி நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. ஷாக் அடித்து ஒருவர் ஒட்டிக்கொண்டிருந்தால் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். பிடித்தவரும் சேர்ந்து போய்விடுகிறார். முதலில் மெயின். அது எட்டாவிட்டால் காய்ந்த கட்டையோ பிளாஸ்டிக் நாற்காலியோ கொண்டு தள்ளிவிட்டு, 108.

இப்போது மொட்டை மாடிக்கு ஏறுங்கள்.

ஆயிரம் சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால், விழும் தண்ணீர் 9,290 லிட்டர். 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கிய மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் பதிவானது 49 சென்டிமீட்டர். 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் கொட்டியது 95 சென்டிமீட்டர். அதே ஆயிரம் சதுர அடிக்குக் கணக்குப் போட்டால் சுமார் 88,000 லிட்டர். அவ்வளவும் கைப்பிடிச் சுவரின் அடியில் இருக்கும் இரண்டு ஓட்டைகள் வழியாகத்தான் கீழே இறங்கியாக வேண்டும். அந்த ஓட்டை வாயில் ஒரு பால் கவரும் நாலு வேப்பிலையும் போதும். அரை அடி தண்ணீர் தேங்கினால் கூரைமேல் 14 டன் கூடுதல் பாரம்.

ஓட்டையை எட்டிப் பார்த்துவிட்டு 'சுத்தமாகத்தான் இருக்கிறது' என்று இறங்கிவிடாதீர்கள். அடைப்பு பெரும்பாலும் குழாயின் வளைவில் இருக்கும். குருவிக் கூடு, பந்து, போன வருஷத்துச் சேறு எல்லாம் அங்கேதான் தங்கும். ஒருவர் மாடியில் இரண்டு பக்கெட் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றட்டும், இன்னொருவர் கீழே நின்று பார்க்கட்டும். ஊற்றிய வேகத்தில் வர வேண்டும். நூலாக ஒழுகினால் குழாயைக் கழற்றித்தான் ஆக வேண்டும். சன்ஷேடின் மேற்பக்கத்தையும் பாருங்கள். ஜன்னலுக்கு மேலே குப்பை மக்கிக் கிடக்கும் அந்த இடம்தான் படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறுவதற்கு முக்கியக் காரணம், அதை யாரும் பார்ப்பதே இல்லை.

கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் இரண்டு இலையோடு ஓர் அரசஞ்செடி நிற்கிறதா? நம் ஊரில் அது இல்லாத மாடி அபூர்வம். பார்க்கச் சின்னதாக இருக்கும். இழுத்தால் தண்டு மட்டும் கையோடு வரும், வேர் உள்ளேயே நிற்கும். அடுத்த மழையில் இரண்டு மடங்காகத் தழைக்கும். அதன் வேர் தலைமுடி கனத்தில் உள்ளே போய், விரிசலைப் பிளந்து, தண்ணீருக்கு வழி போட்டுக்கொடுக்கும். கொத்தனாரை வைத்து அந்த இடத்தைக் கொத்தி, வேரை முழுசாக எடுத்துவிட்டு, சிமென்ட் வைத்து மூடச் சொல்லுங்கள். தட்டோடு பதித்த மாடியாக இருந்தால் ஓடுகளுக்கு நடுவே உள்ள இணைப்புகளில் கலவை உதிர்ந்திருக்கும். அவற்றையும் கீறி எடுத்துவிட்டுப் புதிதாக அடைக்க வேண்டும். இதெல்லாம் காய்ந்த தளத்தில்தான் பிடிக்கும். மழை தொடங்கிய பிறகு வாட்டர்ப்ரூஃப் பூச்சு வாங்கித் தடவுவது பணத்துக்குக் கேடு.

தீபாவளிக்கு வெள்ளையடிப்பது நம் வழக்கம். பூத்துப்போன சுவர் மேலேயே புட்டி பூசி, பெயின்ட் அடித்து மறைத்துவிடுகிறோம். சுவர் அழகாகிவிடும். ஈரம் உள்ளேயே இருக்கும், அந்த ஈரத்தில் ஒரு ஸ்விட்ச் போர்டும் பதிந்திருக்கும். பெயின்டருக்கு முன்னால் கொத்தனார் வரட்டும். மேல்கூரையில் காரை உப்பி, கம்பி தெரிகிறதா? இரும்பு துருப்பிடித்தால் பல மடங்கு உப்பும், சுற்றியிருக்கும் கான்கிரீட்டை உடைத்துத் தள்ளும். ஒரு நீளக் கம்பால் கூரையைத் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று வெற்றோசை வரும் இடம் என்றைக்கு வேண்டுமானாலும் பெயர்ந்து விழும். அதற்கு நேர் கீழே தொட்டிலோ கட்டிலோ இருந்தால் முதலில் அதை நகர்த்துங்கள். உதிர இருப்பதை மழைக்கு முன்பே தட்டி எடுத்துவிடச் சொல்லுங்கள்.

சுவர்கள் பற்றி நான் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். 2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் அருகே நடூரில் சுமார் 20 அடி உயரச் சுற்றுச்சுவர் ஒன்று மழையில் இடிந்து, பக்கத்தில் இருந்த ஓட்டு வீடுகள் மேல் விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டார்கள். சுவர் ஒருவருடையது, உயிர் இன்னொருவருடையது. 2021 நவம்பர் 19 அன்று பேரணாம்பட்டில் மழையில் வீடு இடிந்து 4 குழந்தைகள் உட்பட 9 பேர் போனார்கள். உங்கள் காம்பவுண்டுச் சுவர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று ஒரு நூல் குண்டைத் தொங்கவிட்டால் தெரிந்துவிடும். வயிறு தள்ளியிருக்கிறதா, அடியில் செங்கல் அரித்திருக்கிறதா, பின்னால் மண் மேடாக ஏறியிருக்கிறதா பாருங்கள். மண்ணைத் தாங்கும் சுவரில் தண்ணீர் வடிய ஓட்டை இல்லை என்றால், அந்த ஊறிய மண்ணின் பாரம் முழுவதும் சுவரைத் தள்ளும். சந்தேகம் வந்தால் அந்தச் சுவரை இடித்துவிடுங்கள். வேலி போட்டுக்கொள்ளலாம். இடிக்க முடியாவிட்டால் அந்தப் பக்கத்து வீட்டுக்காரரிடமாவது போய்ச் சொல்லுங்கள். சண்டை வந்தாலும் பரவாயில்லை. மண் சுவர் வீடுகளில் அடைமழை இரண்டு நாள் நீடித்தால், உள்ளே இருப்பவர்கள் பள்ளிக்கூடத்துக்கோ சமுதாயக் கூடத்துக்கோ போய்விட வேண்டும். மழை விட்டதும் திரும்பிவிடாதீர்கள். ஊறிய சுவர் வெயில் அடிக்கும்போதும் விழும்.

தரைத் தளத்தில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் வாசல் வழியாக வருமுன் கக்கூஸ் வழியாக வரும். தெருச் சாக்கடை நிரம்பியதும், பின்னோக்கி ஏறும் கழிவு முதலில் எட்டிப்பார்ப்பது உங்கள் குளியலறைத் துவாரத்தில்தான். வெளியேறும் குழாயில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போட்டால் இது நிற்கும். சம்ப் மூடி தரைமட்டத்தில் இருந்தால் அதே கழிவு குடிதண்ணீரிலும் கலந்துவிடும். மூடியைச் சுற்றி ஓரடி உயரத்துக்குக் கட்டி மேலேற்றுங்கள். செப்டிக் டேங்கை மழைக்கு முன் லாரி வைத்துக் காலி செய்துவிடுவது நல்லது. ஆனால் எந்தக் காரணத்துக்காகவும் ஒரு மனிதரை அதற்குள் இறக்காதீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். உள்ளே இருக்கும் விஷவாயு இறங்கியவரையும், அவரைத் தூக்கப் போனவரையும் சேர்த்துக் கொல்லும். சம்ப் கழுவ இறங்கும்போதும் மோட்டார் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

மழைநீர் சேகரிப்புத் தொட்டியை 2003-இல் அரசு கட்டாயமாக்கியபோது கட்டியதோடு சரி, பல வீடுகளில் அதன் ஜல்லியும் மணலும் இன்றுவரை மாறவே இல்லை. அள்ளிக் கழுவிப் போட்டுவிடுங்கள்.

கொசு விஷயத்தில் எல்லோரும் சாக்கடையைத் திட்டுகிறோம். டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், பகலில் கடிக்கும். பிரிட்ஜின் பின்னால் உள்ள தட்டு, ஏ.சி. தண்ணீர் சொட்டும் பக்கெட், மணி பிளான்ட் பாட்டில், மாடியில் போட்டு வைத்த பழைய டயர், மூடி விலகிய தண்ணீர்த் தொட்டி, பின்கட்டு ஆட்டுக்கல். முட்டை கொசுவாகப் பறக்க ஏழெட்டு நாள் போதும் என்பதால் வாரம் ஒருமுறை இவற்றைக் கொட்டியே ஆக வேண்டும். கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்த நிலையிலும் உயிரோடு இருக்கும், தண்ணீர் பட்டதும் பொரியும். நார் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.

பாம்பும் மழைக்கு மேடு தேடும். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், கடித்த இடத்தில் பெரிதாக வலியோ வீக்கமோ இராது. விடிகாலையில் வயிற்றுவலி, கண் இமை தூக்க முடியவில்லை, நாக்குக் குளறுகிறது என்றால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். கட்டிலும் கொசுவலையும் உயிர் காக்கும். கதவுக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளியை மூடுங்கள். செங்கல், விறகுக் குவியலைச் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள்.

காப்பீடு பற்றி ஒரு வார்த்தை. வெள்ளம், புயல் சேதத்துக்கு இழப்பீடு தரும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற வீட்டுக் காப்பீடு 2021 ஏப்ரல் முதல் இருக்கிறது. வாடகைக்கு இருப்பவரும் தன் பொருள்களுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு ஓடினால் பயனில்லை. காரோ பைக்கோ முழுகியிருந்தால் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். என்ஜினுக்குள் போன தண்ணீரோடு சுழற்றினால் உள்ளே கனெக்டிங் ராட் வளையும், அந்தச் சேதத்துக்குச் சாதாரண பாலிசியில் பெரும்பாலும் பணம் வராது.

சில எண்களைப் பிரிட்ஜ் மேல் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். மாநில அவசரக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077, சென்னை மாநகராட்சி 1913, மின்னகம் 94987 94987. போனில் சேமித்தால் போதாது, போன் சார்ஜ் போன பிறகுதான் இவை தேவைப்படும். தனியாக இருக்கும் பெரியவர்கள், மாதாமாதம் மாத்திரை வாங்குபவர்கள் இரண்டு வாரத்துக்குக் கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் எல்லாவற்றையும் இரண்டு வாரத்தில் முடிக்க முடியாது, கையில் பணமும் இருக்காது. ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இன்றைக்கு இரவு, வீட்டில் எல்லோரும் இருக்கும்போது, மெயின் போர்டில் அந்தப் பொத்தானை அழுத்துங்கள். கரண்ட் போகவில்லை என்றால், அல்லது உங்கள் போர்டில் அந்தப் பொத்தானே இல்லை என்றால், நாளைக் காலையில் முதல் போன் வயர்மேனுக்குப் போடுங்கள். தீபாவளித் துணி அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.